படித்தவன் தரை தேய்ப்பானா?

“இதுக்காடா உன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சோம்?”

வீட்டுப் பலகைத் தரையைத் தானே தேய்த்து மெருகேற்றப் போகிறேன் என்று சொல்லும் தமிழ் இளைஞனுக்கு ஈப்போவில் கிடைக்கும் முதல் பதில் இது. எனக்கும் கிடைத்தது. இரண்டாவது பதில் அக்கறையோடு வரும்: “ஆள் கூப்பிட்டுச் செஞ்சிரலாம்தானே? இல்லன்னா மேல டைல்ஸ் ஒட்டிடு.”

டைல்ஸ் விஷயத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவரவர் வீடு, அவரவர் காசு. என் சண்டை அந்த முதல் கேள்வியோடுதான். அதற்குள் ஒரு முழுத் தோட்டமே உட்கார்ந்திருக்கிறது. கீழே தொழிலாளி, அவனுக்கு மேலே மண்டோர், அதற்கும் மேலே கிராணி, உச்சியில் பங்களாவில் துரை. லயத்து வீட்டில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் கண்ட கனவு பெரும்பாலும் கிராணிக் கனவு. சட்டை கசங்காமல், கை அழுக்காகாமல், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து செய்யும் வேலை. அட்டைக் கடியிலும் விடியற்காலைப் பனியிலும் நின்றவர்கள் அப்படிக் கனவு கண்டதில் தப்பே இல்லை. ஆனால் தோட்டம் போன பிறகும் அந்த ஏணியை நாம் வீட்டுக் கூடத்தில் சாத்தி வைத்திருக்கிறோம்.

அந்தத் தரை என்ன மரம் என்றாவது கேட்டிருக்கிறோமா? பழைய கம்பத்து வீடுகளில் செங்கால் இருக்கும். ஆணி இறங்காது, கரையானும் எளிதில் நெருங்காது. தாமான் வீடுகளின் மாடி அறைகளில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் பார்க்கே துண்டுகளில் சில ரப்பர் மரம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சிலவற்றைக் கொண்டுவந்து ஹியூ லோ நட்டது இதே பேராக்கில், கோலகங்சாரில். பேராக்கில் ரப்பரின் கதை தொடங்குவது அங்கேதான். நான் வாசித்த தோட்டக் கதைகளில் ரப்பர் மரம் பால் தரும், ரத்தம் உறிஞ்சும், கடைசியில் சாயும். சாய்ந்த கட்டை எங்கே போனது என்று எவரும் எழுதி நான் படிக்கவில்லை. நம் பேச்சிலேயே ‘மரம் வெட்டுறது’ என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதுதான்.

கட்டை அடுப்புக்குப் போனது. ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கூண்டுக்குப் போனது. 25, 30 வருடம் பால் கொடுத்த மரத்துக்கு அதுதான் முடிவு. அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான், 1980களில், அது ஏற்றுமதி நாற்காலியும் தரைப் பலகையும் ஆனது. தோட்டத்தை அழித்துத் தாமான் கட்டினார்கள். தோட்டத்து மரம் பலகையாகித் தாமானுக்குள் வந்தது. அதன் மேல்தான் நாம் இப்போது டைல்ஸ் ஒட்டுகிறோம்.

தேய்ப்பது ஒன்றும் மாய வித்தை இல்லை. காசால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் வரும் துண்டுகளைப் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். பிறகு 40, 80, 120 என்று வரிசையாக மணல்தாள், எப்போதும் மரத்தின் ரேகைப் போக்கில். சாதாரணப் பார்க்கே பலவும் 8 மில்லிமீட்டர்தான், அதனால் இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. மூலைகளுக்குக் கைதான். தேய்த்த தூளையே பசையில் குழைத்து இடுக்குகளை அடைக்கலாம். வார்னிஷைக் காலையில் அடிக்க வேண்டும். ஈப்போவின் சாயங்கால மழை காற்றை நனைத்துவிட்டால் காய்வது தாமதமாகும். (நம்மாட்கள் எந்த வார்னிஷையும் ‘ஷெலாக்’ என்பார்கள். நிஜ ஷெலாக் இந்தியக் காடுகளில் பூச்சி சுரக்கும் அரக்கு, துரியோதனன் மாளிகை கட்டிய சமாச்சாரம். தரைக்கு ஆகாது, ஈரம் பட்டால் வெளுத்துப் போகும்.) அப்புறம் தீபாவளிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட வேண்டும். ரப்பர் மரத்தில் ஏற்றிய போரான் தண்ணீரில் கரையும். ஈரத்துணி போதும்.

இனி அந்த ‘ஆள் கூப்பிடு’. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. நான் பார்த்த வேலை இடங்களில் அந்தத் தூளுக்குள் நிற்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர் அல்லது இந்தோனேசியர், வாயில் சட்டைத் துணியைக் கட்டிக்கொண்டு. நாம் வாசலில் நின்று “அந்த மூலைய விட்டுட்ட பாரு” என்கிறோம். நூறு வருடம் முன்னால் நம் தாத்தாவிடம் இப்படிப் பேசியவருக்குத் தோட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் போய் நீயே தேய் என்று நான் சொல்லவில்லை. நேரமும் உடம்பும் இருந்தும், மானம் போகும் என்று தள்ளி நிற்பவர்களிடம்தான் பேசுகிறேன். அவர்களில் பலர் பழைய நகரத்துக் காப்பிக் கடைகளில் கூடுதல் காசு கொடுத்து உட்கார்ந்து, கீழே தேய்ந்து கிடக்கும் பலகையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள்.

தேய்க்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, கூடவே ஒரு என்95 முகக்கவசம் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் ஆள்தான் வைப்பேன் என்றால் அவருக்கும் ஒன்று வாங்குங்கள், அவர் கேட்கமாட்டார்.