வெள்ளைத் துண்டு யார் கையில்?

கோடை வந்துவிட்டால் மதுரைப் பதிப்புச் செய்தித்தாள்களில் ஒரு புகைப்படம் தவறாமல் வரும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடக்கும். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டு மக்கள் கரையில் காத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் இறங்குவார்கள். செய்திக்கு வழக்கமான தலைப்பு: 'சாதி, மத பேதமின்றி மீன்பிடித் திருவிழா'.

அந்தத் திருவிழாவில் நல்ல அறிவு இருக்கிறது. விளைச்சல் முடியும்வரை மீனைத் தொடாமல் விடுவது மீன்வளத்தைக் காக்கும் பழைய முறை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பாக் நீரிணையில் இழுவைமடி கடலடியை வழித்தெடுத்ததன் விளைவை இராமேசுவரத்து நாட்டுப்படகு மீனவரும் எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து மீனவரும் சேர்ந்தே அனுபவிக்கிறார்கள். கடலோ கண்மாயோ, மீன் குறைகிறதென்றால் அறிஞர்கள் சொல்லும் மருந்துகளில் ஒன்று 'சமூக மேலாண்மை'. பொதுவளத்தை அதைப் பயன்படுத்தும் மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

சரி, நம் ஊரில் 'சமூகம்' என்றால் என்ன பொருள்? மதுரையில் ஒருவர் 'நீங்க எந்தச் சமூகம்?' என்று கேட்டால் அவர் கேட்பது சாதியை. 'ஊர்' என்றால் சேரி நீங்கலான பகுதி. 'ஊர்ப் பொது' என்ற சொல்லும் அந்த ஊருக்குள்தான் அடங்கும். இந்த இரண்டு சொற்களையும் கேள்வி கேட்காமல் கண்மாயைச் 'சமூகத்தின்' கையில் கொடுப்பது, ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கே பட்டா எழுதித் தருவதாகும்.

கண்மாயை யார் காத்தார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. மூச்சடக்கி மூழ்கி மடை திறந்தவர்களும் வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவர்களும் பெரும்பாலும் இன்றைய தலித் மக்களின் முன்னோர். மடைக்குடும்பன் என்ற பெயரே அதற்குச் சான்று. நீரின் அறிவு அவர்களிடம் இருந்தது, நிலம் இல்லை. 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபோதும் பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் வழியாகவே நடந்தன. ஆயக்கட்டுதாரர் என்றால் பாசன நிலம் உள்ளவர். அந்த நிலத்தில் நாற்று நடும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

மீனுக்கும் இதே கதைதான். மீன்பாசி ஏலம் காகிதத்தில் எல்லாருக்கும் பொது. ஆனால் யார் எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்பது பல இடங்களில் முந்தைய நாள் ஊர்க்கூட்டத்திலேயே முடிந்துவிடும். அந்தக் கூட்டத்துக்குக் காலனியிலிருந்து யாரையும் அழைக்க மாட்டார்கள். எதிர்த்து ஏலம் கேட்டால் மறுநாள் வேலையில்லை, வழியில்லை.

இதில் மீனும் அழிகிறது. குறுகிய காலக் குத்தகைக்காரருக்கு அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலையில்லை. கட்லாவும் ரோகுவும் வாங்கி விடுவார், கடைசிக் குஞ்சுவரை வழித்தெடுப்பார். மீன் பிடிக்க வசதியாகப் பாசனத் தண்ணீரை வெளியேற்றும் தகராறுகள் நாம் அறிந்தவை. புதுத்தண்ணீர் வரும்போது எதிரேறும் சினைமீனைக் கலுங்கிலேயே மறித்துப் பிடித்தால் விராலும் குரவையும் எப்படிப் பெருகும்? கண்மாய்க் கரையில் வாழும் மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத குத்தகை, மீனுக்கும் பதில் சொல்லாது.

'மீனிலுமா சாதி?' என்று கேட்கும் நண்பர்களுக்கு மேலவளவு என்ற ஊரை நினைவூட்ட வேண்டும். திருவிழாப் படங்கள் வரும் அதே மேலூர் வட்டாரம்தான். 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வென்ற முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் தலித் தலைவர் இயங்கவே விடப்படவில்லை. வெறும் நாற்காலிக்கா இத்தனை வெறி? கண்மாய் மீன் ஏலமும் மரக் குத்தகையும் பொது நிலமும் அந்த நாற்காலியின் கையெழுத்தோடு வருபவை. பொதுச்சொத்தின் சாவி கைமாறுவதைச் சாதி பொறுத்துக்கொள்ளவில்லை. 1927-இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் கை நனைத்ததும் தாகத்துக்காக அல்ல. பொது என்பது எங்களுக்கும் பொது என்று நிறுவத்தான்.

ஆகவே மீன்வள மேலாண்மை பற்றிப் பேசும்போது நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஏல அறிவிப்பைக் காலனியிலும் ஒட்ட வேண்டும், தண்டோரா போட வேண்டும். வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். நிலமற்ற தலித் குடும்பங்களின், பெண்களின் கூட்டுறவுகளுக்கு ஏலத்தில் முன்னுரிமையும் பல ஆண்டுக் குத்தகையும் தர வேண்டும். கோடையிலும் வற்றாத மடுவில் தாய்மீனை விட்டுவைப்பதும் சினைமீனைப் பிடிக்காததும் குத்தகை நிபந்தனையாக வேண்டும். கண்மாய் பற்றிய முடிவில் நிலம் உள்ளவருக்கு மட்டுமல்லாமல், ஊராட்சியில் வாழும் எல்லாருக்கும் வாக்கு வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் கரையோரக் கடலில் விசைப்படகு நுழையக் கூடாதென்று ஒரு கோடு போட்டது. அது மீறப்படுகிறது என்றாலும், எளியவர் போராட ஒரு பிடி கிடைத்தது. கண்மாய்க்கும் அப்படியொரு கோடு தேவை.

தலித்துகள் தோளில் துண்டு போட்டதற்காக அடி வாங்கிய மண் இது. திருவிழா நாளில் எல்லாரும் சேர்ந்து சேற்றில் இறங்குவது மகிழ்ச்சிதான். ஆனால் அது ஒருநாள் சமத்துவம். மீதி 364 நாளும் அந்தத் தண்ணீரும் மீனும் யாருடையவை? காலனியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசி, ஊர் முழுக்க இறங்கும் படம் ஒன்று வரட்டும். அதற்கு 'பேதமின்றி' என்று தலைப்பிடுவோம்.