பிரிண்டர் ஓடலன்னா லினக்ஸை ஏன் மக்கா ஏசுதீங்க?

"லினக்ஸ்ல பிரிண்டர் ஓடாது" - நாகர்கோவில்ல கம்ப்யூட்டர் தொட்டவனெல்லாம் பாடுற பல்லவி. சும்மா அடிச்சு விடாதீங்கடே. லினக்ஸ்ல பிரிண்ட் எடுக்குறது கப்ஸ் வழியா. நீங்க வாய் பொளந்து பாக்குற மேக்லயும் 2002-லேருந்து அதேதான்!

கோளாறு எங்கன்னா, போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் எதுவும் தெரியாம, கம்பெனியோட ரகசிய பாஷை மட்டும் பேசுற மலிவு பிரிண்டர்ல. பாஷையைப் பூட்டி வச்சது கம்பெனி, ஏச்சு வாங்குறது லினக்ஸ். என்ன நியாயமோ!

(1980 வாக்குல ஸ்டால்மனுக்குப் பிரிண்டரோட மூலநிரலைத் தரமாட்டேன்னாங்க. அந்தக் கடுப்பும் 1983-ல அவர் க்னூவை அறிவிச்சதுக்கு ஒரு காரணம்.)

2011-ல தொடங்கின அரசு இலவச லேப்டாப்ல பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எத்தன பேரு தொறந்து பாத்தோம்?

இப்ப ஐபிபி எவ்ரிவேர் உள்ள பிரிண்டருக்குத் தனி டிரைவரே வேண்டாம். வாங்கப் போனா அது உண்டான்னு கடைக்காரர்ட்ட கேளுங்க. முழிப்பாரு. மறுபடியும் கேளுங்க.