சீரியல் மாதிரி இருக்காம்ல!

2012-ல் ஹாபிட் வந்தபோது ஆரம்பித்த பாட்டு இது. அப்புறம் 2019-ல் ஜெமினி மேன், 2022-ல் அவதார் இரண்டாம் பாகம், 2025 டிசம்பரில் மூன்றாம் பாகம். நொடிக்கு 24 பிரேமைத் தாண்டி ஓடும் படம் எது வந்தாலும் சரி, அடுத்த வார பாட்லக்கில் நம்ம ஆட்கள் சொல்வது ஒரே வசனம்தான்: "படம் சூப்பர்ங்க, ஆனா சில இடத்துல டிவி சீரியல் மாதிரி இருந்துச்சு."

கண்ணுக்கு அப்படிப் பட்டது என்றால் பட்டதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அடுத்த வரியோடு: "சினிமான்னா 24 பிரேம்தான், அதுதான் கலை. மத்ததெல்லாம் வித்தை காட்டுறது."

அப்படியா சங்கதி? அந்த 24 எங்கிருந்து வந்ததாம்?

ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள், தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். 1920களின் கடைசியில் பேசும்படம் வந்தது. வேகம் கூடிக் குறைந்தால் குரல் கீச்சென்றும் கரகரவென்றும் போகுமே! அதனால் ஒரே சீரான வேகம் வேண்டியிருந்தது. ஒலி கேட்கும்படி இருக்க வேண்டும், பிலிம் செலவும் கையைக் கடிக்கக் கூடாது. பேரம் 24-ல் படிந்தது. அந்த வேகத்தில் 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணி நேரப் படத்துக்கு 16,200 அடி. 48 பிரேம் என்றால் அப்படியே ரெண்டு மடங்கு. எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? ஆக, நீங்கள் கும்பிடுகிற 24, கணக்குப்பிள்ளை போட்ட நம்பர். ஒவ்வொரு பிரேமையும் ஒரே தடவை காட்டினால் திரை மினுக்குகிறது என்று, புரொஜக்டர் அதை ரெண்டு தடவை காட்டியது. சுத்தமான 24-ஐத் தியேட்டரில் நாம் பார்த்ததே இல்லை மக்களே :-)

சரி, சீரியல் எங்கே வந்தது? நம் ஊர் டிவி பழைய நாளில் நொடிக்கு 50 அரைப்படங்களாக ஓடியது. வீடியோ கேமராவில் எடுத்த செய்தி, சீரியல், கிரிக்கெட் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனதற்குக் காரணம் அதுதான். பிலிமில் எடுத்த சினிமா மட்டும் லேசாக நடுங்கி, கலங்கித் தெரிந்தது. முப்பது வருஷம் இப்படிப் பார்த்த கண், வழுவழுப்பு என்றால் மலிவு, கலங்கல் என்றால் உசத்தி என்று முடிவு கட்டிவிட்டது. அதே கண்ணுக்குக் கிரிக்கெட்டில் பந்து தெளிவாகத் தெரிந்தால் மட்டும் இனிக்கிறதாம்!

பாறசாலைக்காரனுக்கு இந்தத் தீர்ப்பு புதுசில்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவிலேயே நின்றது, அதோடு நாங்களும். "எனக்க வீடு", "குடிக்க வெள்ளம் தா" என்று சென்னையில் சொல்லிப் பாருங்கள், "நீங்க மலையாளியா?" என்பார்கள். திருவனந்தபுரத்தில் வாய் திறந்தால் "பாண்டி". பேச்சு ஒன்றுதான். கேட்கிற காது பழகினதை வைத்துக்கொண்டு, பழகாததைக் கலப்படம் என்கிறது. வெளிநாட்டில் வளரும் உங்கள் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டு ஊரில் சிரிக்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறதா இல்லையா? அதே தைப்புத்தான் எனக்கு "சீரியல் மாதிரி" என்னும்போது. போதாததற்கு, சீரியல் என்ற சொல்லையே வசவாக்கியாச்சு. அம்மைமார் தினமும் உட்கார்ந்து பார்ப்பது என்பதற்காகவே அது கேவலமா?

பார்வையாளன் முகம் சுளித்தால் படம் தப்பு என்று ஆகிவிடாது. எங்கள் பக்கத்து ஆள் ஜே.சி. டேனியல், தமிழ் பேசும் குடும்பம், மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனை எடுத்தார். 1928 என்பார்கள், 1930 என்பார்கள். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையில் கல் விழுந்தது. காரணம், தலித் பெண் பி.கே. ரோஸி நாயர் பெண்ணாக நடித்தது. அந்தச் சாதி வெறியையும் இந்த முணுமுணுப்பையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. கூட்டத்தின் முதல் கோபத்தையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் விஷயம்.

நியாயமான குறைகளும் உண்டு. 48-ல் விக்கும் மேக்கப்பும் செட்டும் பல்லிளிக்கும். ஹாபிட்டில் அது நடந்தது. ஆனால் அது மேக்கப்பும் லைட்டிங்கும் பண்ணினவர்கள் கவனிக்க வேண்டிய வேலை. அவதாரில் தண்ணீருக்கடியில் 48, ஆட்கள் நின்று பேசும்போது 24 என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கண் ஒன்றில் அமரும் முன்னே அடுத்ததுக்குத் தள்ளினால் உறுத்தத்தான் செய்யும். சிலருக்கு அரைமணி நேரத்தில் பழகுகிறது, சிலருக்குக் கடைசி வரை இல்லை. இதையெல்லாம் இன்ன காட்சி, இன்ன குறை என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். "சினிமா மாதிரி இல்ல" என்பது விமர்சனமே இல்லை.

தியேட்டர்காரர்களுக்கும் ஒரு குட்டு. 3டி, டால்பி எல்லாம் டிக்கெட்டில் போடுகிறீர்களே, பிரேம் எத்தனை என்றும் எல்லா இடத்திலும் போட்டால் என்ன? காசு கொடுப்பவன் தெரிந்து உட்காரட்டும்.

கடைசியாக, நம் எல்லார் வீட்டு விவகாரம். லீவில் போய் அப்பா அம்மைக்குப் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டு வருகிறோம். அதில் மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன் என்று ஏதோ ஒரு பெயரில், இல்லாத பிரேமை டிவியே கற்பனை செய்து சொருகும் வேலை பல மாடல்களில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். இயக்குநர் எடுக்காத பிரேம் அது. சிவாஜி படத்தையும் அது வழுவழு ஆக்கிவிடும். 2018-ல் டாம் க்ரூஸே அதை அணைக்கச் சொல்லி வீடியோ போட்டார். 48-ல் எடுத்த படத்தை இந்த ஜோடனையோடு சேர்த்துத் திட்டாதீர்கள். ஒன்று எடுத்தவர் முடிவு, மற்றது யாரையும் கேட்காமல் நடப்பது.

அதற்காக ரிமோட்டைப் பிடுங்கி "இப்படித்தான் பார்க்கணும்" என்று அம்மைக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம். ரெண்டு விதமாகவும் போட்டுக் காட்டுங்கள். எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

டிஸ்கி: ஹாபிட்டின் கதை இழுவை என்று அடிக்க வருபவர்கள் தாராளமாக வரலாம். அதில் நான் உங்கள் கட்சி. இழுவைக்கும் பிரேமுக்கும் சம்பந்தமில்லை :-)