யார் சொன்னது?

கலஹாவிலே மழை பிடித்தால் எளிதில் விடாது. அத்தகைய ஒரு மாலைப்பொழுதில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி நம் இல்லம் வந்தாள். தோட்டத்து லயத்திலே பிறந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள். சமண தத்துவம் பற்றி அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டாராம். இரண்டு இடங்களில் சிவப்பு மையால், 'யார் சொன்னது?' என்று எழுதியிருந்தது.

"பதினைந்து நூல்களைப் பார்த்து எழுதினேன், ஐயா. இன்னும் என்ன வேண்டுமாம்?" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

வாங்கிப் படித்தோம். நடையிலே குறையில்லை. ஆயினும், 'சமணர் எதையும் உறுதியாகக் கூறார். எல்லாவற்றையும் இருக்கலாம் என்பர்' என்றொரு வாக்கியம் இருந்தது. சியாத்வாதத்தைப் பற்றிய வாக்கியம் அது. 'சியாத்' என்பதற்கு 'ஒருவேளை' என ஆங்கில நூல்கள் சில பொருள் தருவதால் நேர்ந்த பிழை இது. 'ஒரு நோக்கில்' என்பதே சமணர் கொள்ளும் பொருள். மண்குடம் மண் என்ற நோக்கில் நிலைப்பது. குடம் என்ற வடிவ நோக்கில் அழிவது. இரண்டும் உறுதியான கூற்றுகளே. எந்த நோக்கில் சொல்கிறோம் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான். வேடிக்கை என்னவெனில், இதற்குத் துணை பௌத்தரின் பாலி நூலிலேயே கிடைக்கிறது. புத்தர் இராகுலருக்குச் செய்த உபதேசமொன்றில், நிலம் முதலிய தாதுக்களை அகத்தன, புறத்தன என வகுக்குமிடத்தில் 'சியா' என்ற அதே சொல் வருகிறது. அங்கே ஐயத்துக்கு இடமேயில்லை; வகைப்பாடுதான் உண்டு.

பேராதனையில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்தரின் அறிவுக் கோட்பாடு பற்றி 1963இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சமணர் கொள்கையையும் ஆராய்ந்துள்ளார். "அதைப் பார்த்தாயா, அம்மா?" என்றோம். "பெயரில் பௌத்தம் என்றிருந்ததால் எடுக்கவில்லை, ஐயா" என்றாள். நாமும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் அட்டையைப் பார்த்து நூல்களை ஒதுக்கினோம்!

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கற்கப் புகுந்தார். சைவ மடத்தில் ஊன்றிப் பயின்ற புலமை இருந்தும் சமணச் சொற்களும் மரபுகளும் அவருக்குப் பிடிபடவில்லை. ஊகித்து எழுதிவிடலாமே என்று அவர் எண்ணவில்லை. அவ்வூரிலிருந்த சமணர் வீடுகளை நாடிச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவருக்கு விளங்காத காப்பியம் அவ்வீடுகளிலே பாராயண நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. 1887இல் பதிப்பு வெளிவந்தது.

"கலஹாவில் நான் சமணரை எங்கே தேடுவேன்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. திகம்பரரும் சுவேதாம்பரரும் ஒருங்கே போற்றும் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தைச் சொன்னோம். தமிழில் நீலகேசி இருக்கிறது. இழந்துபோன பௌத்த காவியமாகிய குண்டலகேசியின் செய்யுட்கள் சில அதன் உரையிலே தப்பிப் பிழைத்தன. தமிழ்ச் சமணரின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. கடிதம் எழுதிக் கேட்பதற்குக் கடல் தடையன்று.

இரண்டாவது சிவப்பு மை, அநுராதபுரத்தைப் பற்றிய பகுதியில் இருந்தது. கிரி என்னும் நிகண்டர், தோற்றோடிய வட்டகாமணி மன்னனை இகழ்ந்தார். மீண்டும் அரசெய்திய மன்னன் அவரது பள்ளியை இடித்து அபயகிரி விகாரையைக் கட்டினான் என எழுதியிருந்தாள். நடந்ததை நேரில் கண்டவள் போன்ற எழுத்து! இது மகாவம்சம் கூறும் செய்தி. மன்னன் காலம் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டு. நூல் எழுந்ததோ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின். எழுதியவர் மகாவிகாரையைச் சேர்ந்த பௌத்தத் துறவி. அவருக்குச் சமணர் வேற்றுச் சமயத்தவர். அபயகிரியோ மகாவிகாரைக்குப் போட்டி. செய்தியைத் தள்ளிவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாண்டுகாபயன் நிகண்டருக்கு இல்லங்கள் அமைத்தான் என்று உரைப்பதும் அந்நூலே அன்றோ? யாருடைய வாய்ச்சொல் என்பதைக் காட்டிவிட்டுச் செய்தியை வைக்கவேண்டும்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் பென்சிலை எடுத்து, அவ்வாக்கியத்தின் தலையில் 'மகாவம்சம் கூறுவதன்படி' என்று சேர்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, 'இருக்கலாம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தை வெறுமையாகவே விட்டாள். சூத்திரத்தைப் படித்துவிட்டு நிரப்புவதாகச் சொன்னாள்.