கைப்பிடியைச் சுற்றினால் பொம்மை நடக்கும்!

விளையாட்டு என்றாலே எங்கள் அக்காளுக்கு நெஞ்சு படபடக்கும்.

காரணம் உண்டு.

எங்கள் உறவில் ஒரு பையன். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டினான். நல்ல உழைப்பாளி. கல்யாணத்துக்கு என்று பணம் சேர்த்து வைத்திருந்தான். ஒரு நாள் செல்போனில் சீட்டு ஆடினான். 200 ரூபாய் கிடைத்தது. மறுநாளும் ஆடினான். ஆறே மாதம்! சேர்த்த பணம் முழுவதும் போயிற்று. கடன் வேறு ஏறியது. கல்யாணம் நின்று போயிற்று.

அன்று முதல் அக்காள் வீட்டில் ஒரே சட்டம். "பையன் கையில் விளையாட்டு மிஷின் எதுவும் இருக்கக்கூடாது!"

அந்த வீட்டுக்கு, இந்தப் பொங்கலன்று, ஒரு மஞ்சள் பெட்டி வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவன் எங்கள் சித்தப்பா மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய நண்பன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்து கொடுத்தானாம்.

பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கும். நீளம் 76 மில்லிமீட்டர். அகலம் 74. எடை 86 கிராம். நூறு கிராம் டீத்தூள் பொட்டலத்தைவிட லேசு! முன்பக்கம் ஒரு சின்னத் திரை. கீழே திசை காட்டும் பொத்தானும், வேறு இரண்டு பொத்தான்களும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

பெட்டியின் வலது பக்கத்தில் ஒரு கைப்பிடி! மடித்தால் பெட்டியோடு ஒட்டிக் கொள்ளும். இழுத்து விட்டால் வெளியே நீட்டிக் கொள்ளும். பிடித்துச் சுற்றலாம்.

எங்கள் அம்மா அதை வாங்கிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, காப்பிக்கொட்டை அரைக்கறதாட்ட இருக்குது?" என்றார்.

"விளையாட்டுப் பொட்டிங்க, பெரியம்மா. சுத்திப் பாருங்க" என்றான் தம்பி.

அம்மா சுற்றினார். திரையில் ஒரு பொம்மை நடந்தது. நிறுத்தினார். பொம்மையும் நின்றது. பின்பக்கமாகச் சுற்றினார். பொம்மை வந்த வழியே பின்னால் போயிற்று! எழுபது வயது அம்மா, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

தாமதமாகப் போகும் காதலன்

அந்த ஆட்டத்தின் கதை இதுதான். கிராங்கின் என்று ஓர் எந்திர மனிதன். காதலியைப் பார்க்கப் போகிறான். தினமும் தாமதம். போய்ச் சேர்ந்ததும் அவளிடம் அடிதான்!

அவனுடைய நேரம் உங்கள் கையில் இருக்கிறது. கைப்பிடியை முன்னால் சுற்றினால் நேரம் முன்னால் ஓடும். பின்னால் சுற்றினால் பின்னால் ஓடும். ஆனால் வழியில் வரும் பட்டாம்பூச்சிக்கும் பன்றிக்கும் இந்தச் சுற்று செல்லாது. அவை பாட்டுக்கு வரும். அவன்மீது மோதினால் ஆட்டம் போச்சு.

வழியில் ஒரு பூ இருக்கிறது. கிராங்கின் குனிந்து அதை முகர்வான். அவன் குனிந்திருக்கும் அந்த நொடியில் பட்டாம்பூச்சி தலைக்கு மேலே போய்விட வேண்டும். அதற்காக முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் கையை விட மனம் வராது. கட்டசி தமஹாஷி... அல்ல, கெய்ட்டா தகாஹாஷி என்ற ஜப்பானியர் செய்தது. பெயரைச் சரியாகச் சொல்வதற்குள் எனக்கே நாக்குச் சுளுக்கிக் கொண்டது!

பெட்டியின் பெயர் பிளேடேட். பேனிக் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்கிறது. ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரத்துக் கம்பெனி. டீனேஜ் எஞ்சினியரிங் என்ற சுவீடன் நாட்டுக் கம்பெனி வடிவம் அமைப்பதில் கூட நின்றது. 2019-ல் அறிவித்தார்கள். 2022 ஏப்ரலில்தான் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. நடுவே பாட்டரியில் கோளாறு வந்து, பெட்டிகளைத் திரும்ப அனுப்பி மாற்ற வேண்டியதாயிற்று.

கைப்பிடியைச் சுற்றினால் பாட்டரி ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை! கைப்பிடி விளையாட்டுக்கு மட்டுமே. மின்சாரத்துக்குச் செல்போன் மாதிரி ஒயர்தான் போட வேண்டும்.

கலர் இல்லை, விளக்கும் இல்லை

இந்தப் பெட்டியில் கலர் கிடையாது. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். திரைக்குள் விளக்கும் கிடையாது. பகல் வெளிச்சத்திலோ பல்பு வெளிச்சத்திலோதான் பார்க்க முடியும். போர்வைக்குள் ஒளிந்து கொண்டு விளையாட முடியாது!

இதைக் கேட்டதும் அக்காளின் முகம் கொஞ்சம் இளகியது.

செல்போனில் லட்சக்கணக்கான வண்ணம் தெரிகிற காலத்தில் ஏன் இப்படிச் செய்தார்கள்? இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

ஜப்பானில் குன்பெய் யோகோய் என்று ஓர் எஞ்சினியர் இருந்தார். நின்டெண்டோ கம்பெனியில் வேலை. புத்தம் புதிய நுட்பம் விலை அதிகம், கோளாறும் அதிகம் என்பது அவர் எண்ணம். பழகிப்போய், மலிந்துபோன நுட்பத்தை எடு. அதை யாரும் நினைக்காத வேலைக்குப் போடு. இதுதான் அவருடைய வழி.

1989-ல் அவர் குழு கேம் பாய் என்ற கைப்பெட்டியைக் கொண்டு வந்தது. பச்சை படிந்த மங்கல் திரை. போட்டிக் கம்பெனிகள் கலர்த் திரையோடு வந்தன. ஆனால் அந்தக் கலர்ப் பெட்டி ஒன்று ஆறு பாட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய் நாலே பாட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. யார் ஜெயித்தது? மங்கல் திரைதான்! அதுவும், பின்னால் வந்த அதன் கலர்த் தம்பியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

கேம் பாயோடு உலகம் சுற்றிய ஆட்டம் டெட்ரிஸ். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டம். 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் செய்தது.

அந்த ஆட்டம் நம் ஊருக்கும் வந்தது. வேறு பெயரில் வந்தது!

தேர்க்கடையில் விற்ற பிரிக் கேம் ஞாபகம் இருக்கிறதா? கோனியம்மன் தேர் என்றாலும் சரி, அவிநாசித் தேர் என்றாலும் சரி, வளையல் கடைக்குப் பக்கத்தில் அது தொங்கும். அட்டையில் "9999 ஆட்டங்கள்" என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான். வேகத்தை மாற்றி மாற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். அதுவும் ஒரு கணக்கு! ஆனால் யாரும் அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதாக எனக்குத் தெரியாது. வாங்கியது ஒரு தடவை. அப்புறம் பாட்டரிச் செலவு மட்டும்.

இந்த "ஒரு தடவை" என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சட்டம் எதைத் தடுக்கிறது?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களால் பல குடும்பங்கள் அழிந்தன. தமிழ்நாட்டில் தற்கொலைகளும் நடந்தன. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசாங்கம் ஒரு குழு போட்டது. 2022 அக்டோபரில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் சட்டம் ஆயிற்று.

அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு, ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடுக்க முடியாது என்று சொன்னது. பிறகு 2025 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் கட்டி ஆடக்கூடாது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக்கூடாது. இந்த விதிகள் செல்லும் என்று ஜூன் மாதம் ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

இரண்டே மாதத்தில் மத்திய அரசாங்கம் முந்திக் கொண்டது. 2025 ஆகஸ்டு 21-ந் தேதி பாராளுமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. மறுநாளே ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும் தடை! திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதமே கிடையாது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை ஜெயில். ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. ஆண்டுக்கு 45 கோடி மக்கள் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்பது அரசாங்கம் சொன்ன மதிப்பீடு. பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன.

சோமனூர்ப் பையனுக்கு இந்தச் சட்டம் தாமதமாக வந்தது.

சரி, சட்டம் வந்துவிட்டது. இனி செல்போன் ஆட்டத்தால் ஆபத்தே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டத்துக்குத்தான் தடை. "இலவசம்" என்று போட்டிருக்கும் ஆட்டங்கள் வேறு வகை. உள்ளே போன பிறகு வைரம் வாங்கு, வாள் வாங்கு, வீரனுக்குச் சட்டை வாங்கு என்று கேட்கும். வாங்காவிட்டால் காத்திருக்க வேண்டும். நடுநடுவே விளம்பரம். தினமும் வந்தால் பரிசு. ஒரு நாள் வராவிட்டால் பரிசு போச்சு! பையன் ஏன் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று தாய் கேட்கிறாள். ஓடும்படிதானே செய்து வைத்திருக்கிறார்கள்!

திருப்பூரில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகள் எத்தனையோ. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் துணை செல்போன்தான். அவர்களைக் குறை சொல்வது எளிது. அந்த நேரத்தில் பையனை வேறு எங்கே விடுவது என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்.

"எல்லாம் ஒண்ணுதான் மாப்ளே" என்றார் மச்சான். "இன்னைக்கு வெளையாட்டும்பான். நாளைக்குப் பணம் கட்டும்பான்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். விளையாட ஆரம்பித்த பிறகு அது மறுபடியும் காசு கேட்கிறதா? கீழே வைத்தால் அது நம்மைக் கூப்பிடுகிறதா?

பிரிக் கேம் கேட்கவில்லை. கூப்பிடவும் இல்லை. மஞ்சள் பெட்டியோடு 24 ஆட்டங்கள் சேர்த்தே கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு வீதம் 12 வாரம் தானாக வந்தன. அதற்குத் தனிக் காசு இல்லை. 2025-ல் அடுத்த தொகுதி ஆட்டங்கள் வந்தபோது அதற்கு விலை வைத்தார்கள். வேண்டுமென்றால் வாங்கலாம். வாங்காவிட்டாலும் பழைய ஆட்டம் நிற்காது.

குறையும் உண்டு. முதல் குறை விலை! 2022-ல் 179 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 13,600 ரூபாய். பிறகு விலை ஏறியது. அந்தப் பணத்துக்கு நம் வீட்டில் ஒரு கிரைண்டரே வாங்கலாம். தறிக்காரர் வீட்டுக்கு இது கட்டாது. திரையும் சிறிது. அம்மா கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியவில்லை என்றார். நாள் முழுவதும் சுற்றினால் மணிக்கட்டும் வலிக்கும்.

கைப்பிடி நமக்குப் புதிதா?

கோயமுத்தூருக்குக் கைப்பிடி புதிதே அல்ல.

1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் திருச்சியில் ரெயில்வே வேலையில் இருந்தார். கோயமுத்தூர்க்காரர். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் எந்திரத்தை வாங்கினார். ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். அந்தக் காலத்து எந்திரங்களைக் கையால் சுற்றித்தான் படம் காட்டுவார்கள். சுற்றினால் மனிதன் நடப்பான். நிறுத்தினால் நிற்பான். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னாட்டின் முதல் நிரந்தர சினிமாக் கொட்டகைகளில் அது ஒன்று. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

அக்காள் வீடு சூலூரில். பக்கத்துக் கலங்கல்தான் ஜி.டி.நாயுடு பிறந்த ஊர். மின்சாரச் சவரக் கத்தி செய்து வெளிநாட்டாரை வியக்க வைத்தவர். அவர் பெயரில் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்யும் ஊர் இது. பத்துப் பொத்தானும் ஒரு கைப்பிடியும் வைத்து, தேர்க்கடையில் விற்கிற விலைக்கு ஒரு பெட்டி செய்ய இங்கே ஆள் இல்லையா? எனக்கு இது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றவில்லை. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் யோசிக்கலாம்.

அம்மா இளமையில் ஆட்டுக்கல்லைச் சுற்றியவர். கோவையில் பிறந்த கிரைண்டர் அந்த வேலையை வாங்கிக் கொண்டது. அதனால்தானோ என்னவோ, வீட்டில் எல்லாரையும்விட நன்றாகச் சுற்றியது அவர்தான். கிராங்கினைக் காதலியிடம் நேரத்தோடு சேர்த்ததும் அவர்தான்!

பொங்கல் முடிந்து தம்பி பெட்டியோடு பெங்களூர் போய்விட்டான். போகும்போது பையனிடம் ஒன்று சொன்னான். இந்தப் பெட்டிக்கு ஆட்டம் செய்யும் சாதனத்தைக் கம்பெனி இலவசமாகவே கொடுக்கிறது. கம்ப்யூட்டர் இருந்தால் யாரும் செய்யலாம். திரையில் குறுக்கே 400 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை.

பையன் கணக்கு நோட்டை எடுத்துக் கொண்டான். கட்டம் கட்டமாகப் பென்சிலால் கறுப்பு அடிக்கிறான். காங்கயம் காளையாம். சுற்றினால் ஓட வேண்டுமாம். செல்போனைக் கேட்கவில்லை என்று அக்காள் போனில் சொன்னாள். திமிலும் வாலும் வந்துவிட்டன. கொம்புதான் இன்னும் சரியாக வரவில்லை.