அழிப்பதற்கு முன்

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் தொண்ணூறு தாண்டிய ஒரு மூதாட்டியின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு நாகர்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்ட செய்தி தங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்பதை மலையாளம் கலந்த தமிழில் இரண்டு மணி நேரம் சொல்லியிருந்தார். தமிழர் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கேட்டவர்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்த நாட்களை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே.

அமரவிளைப் பாலம் தாண்டியதும் கேட்டுப்பார்க்க ஆசை வந்தது. பதிவு செய்ததில் பேட்டரி தீரும் நிலையில் இருந்ததால், கைபேசியை சார்ஜரில் போட்டு, ஆக்ஸ் ஒயரை கார் ஸ்டீரியோவில் செருகினேன். பாட்டியின் குரலுக்கு மேல் ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல். பாதி சொற்கள் அதில் மூழ்கிப்போயின.

“ரெக்கார்டு கெட்டுப் போச்சு பாத்தியளா அண்ணே. அழிச்சிட்டு இன்னொரு நாளு வந்து எடுப்போம்” என்றார் ஓட்டுநர்.

தொண்ணூறு வயதில் ‘இன்னொரு நாள்’ என்பது நிச்சயமில்லாத தேதி. ஆனாலும் அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

அந்த இரைச்சலில் ஒரு விஷயம் உறுத்தியது. பாறசாலை பொன்னம்மாளும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும் பிறந்து பாடிய வட்டாரம் இது. தம்புராவின் ரீங்காரம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அது சுருதி மாறாமல் நிற்கும். இதுவோ ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறியது, காலை எடுத்ததும் இறங்கியது. பாட்டியின் வீட்டுத் திண்ணையில் பதிவான ஒலிக்கு இந்தக் காரின் வேகம் எப்படித் தெரியும்?

பாறசாலையில் டீ குடிக்க நிறுத்தினோம். இன்ஜினை அணைத்ததும் ஊளை நின்றது. மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சியது. சார்ஜரைப் பிடுங்கினேன். அதுவும் போய், பாட்டி தெளிவாகப் பேசினார்.

காரணம் எளிமையானது. காரில் எல்லா மின் கருவிகளுக்கும் வண்டியின் உடம்புதான் எர்த். சார்ஜர் தன் சாக்கெட் வழியாக எர்த்தைத் தொடுகிறது. ஸ்டீரியோ தன் ஒயர் வழியாகத் தொடுகிறது. ஆக்ஸ் ஒயர் இரண்டையும் இணைத்ததும் ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் எப்போதும் சிறு அலை உண்டு. அது இந்த வளையத்தில் புகுந்ததும் ஸ்டீரியோ அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்குகிறது. இன்ஜின் அணைந்த பிறகும் கேட்ட சீறல் மலிவான சார்ஜரின் கைவரிசை.

ஆகவே முதல் சோதனை, சார்ஜரைக் கழற்றுவது. இரைச்சல் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டாக வேண்டும் என்றால், ஆக்ஸ் ஒயரின் நடுவே பொருத்தும் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு பெட்டி உதவும். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் உலோகத் தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்துகின்றன. மலிவான பெட்டியில் பேஸ் கொஞ்சம் குறையலாம். ஸ்டீரியோவிலேயே புளூடூத் இருந்தால் ஒயரே வேண்டாம். ஆனால் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் எடுத்து ஆக்ஸில் செருகும் புளூடூத் கருவியை வாங்கினால் அதே வளையம் மறுபடி வரும். கைபேசியின் ஒலியைக் கூட்டி, ஸ்டீரியோவின் ஒலியைக் குறைத்து வைப்பதும் பலன் தரும்.

சார்ஜர் இல்லாமலும் இரைந்தால், ஒயரை மாற்றிப் பார்க்கவும். பிறகு ஸ்டீரியோவின் எர்த் ஒயர் வண்டி உடம்பில் முடுக்கப்பட்ட இடத்தைப் பார்க்கவும். பூவார், பொழியூர் போன்ற கடற்காற்றுப் படும் ஊர்களில் அங்கே துரு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். வளையத்தை உடைக்கிறேன் என்று அந்த எர்த் ஒயரையே வெட்டுவது தவறு. ஸ்டீரியோவின் மின்சாரம் முழுவதும் மெல்லிய ஆக்ஸ் ஒயர் வழியே திரும்பப் பார்க்கும். ஒயரும் கருவியும் சூடாகிக் கெடும்.

இஞ்சிவிளையை நெருங்கியபோது வேறொரு ஒலி: ‘டிட்-டிட்-டிட்’. டேஷ்போர்டில் இருந்த ஓட்டுநரின் பட்டன் போன் கேரள டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவரில் தன்னைப் பதிவு செய்துகொண்டிருந்தது. 2ஜி போன் வினாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்பும்; பக்கத்தில் உள்ள ஒயர் அதைப் பிடித்துக்கொள்ளும். போனை அரை மீட்டர் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் பேச்சைப் பதிவு செய்யும்போது இது நேர்ந்தால் பதிவிலேயே தங்கிவிடும். எந்தப் பெட்டியாலும் நீக்க முடியாது. பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்பவர்கள் கைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிட்டு, மற்றவர்களின் போன்களைத் தள்ளி வைப்பது நல்லது.

களியக்காவிளை தாண்டும்போது பாட்டி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். குரல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன், அது வந்து சேரும் வழியைச் சோதித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பதிவை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்தேன்.