கடைக்குள் நடப்பதையும் கேளுங்கள்

பல்கலைக்கழக மாணவர்களின் செலவுப் பழக்கத்தை இனவாரியாக அலசும் கட்டுரைகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வினாத்தாளின் முதல் பக்கத்தில் இனம், வயது, பாலினம். அடுத்த பக்கத்தில் ஆடை, காலணி, கைபேசிக்கான மாதச் செலவு. இரண்டையும் சேர்த்து அட்டவணை போட்டதும், இன்ன இனத்தார் பகட்டுக்குச் செலவழிப்பவர்கள் என்று முடிவுரை எழுதிவிடுகிறோம். இனம் பற்றிய பழைய தப்பெண்ணத்துக்கு நாமே புள்ளிவிவரச் சான்று தருகிறோம்.

அமெரிக்காவில் கெர்வின் சார்ல்ஸ், எரிக் ஹர்ஸ்ட், நிகோலாய் ருசானோவ் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வை இத்துறையினர் அறிவர். ஒத்த நிலையிலுள்ள வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரும் ஹிஸ்பானியரும் ஆடை, நகை, கார் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகச் செலவிட்டனர். பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வின் உயிர்நாடியோ அடுத்த படியில் இருக்கிறது. அவரவர் மாநிலத்தில் தம் இனத்தாரின் வருமானம் எவ்வளவு என்பதைக் கணக்கில் சேர்த்ததும் வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வெள்ளையரின் வருமானம் குறைந்த மாநிலங்களில் வெள்ளையரும் அப்படியே செலவிட்டனர். தம்மவரை ஏழைகள் என்றே உலகம் எண்ணும் இடத்தில், தான் ஏழையல்ல என்று காட்டவேண்டிய நெருக்கடி எவருக்கும் வரும்.

விற்பவர் தரப்பில் நடப்பதையும் பார்க்கவேண்டும். இயன் ஏர்ஸ், பீட்டர் சீகல்மன் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையாளர்கள் கார் விற்பனையகங்களில் ஒரே பாணியில் பேரம் பேசினர். வெள்ளையின ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பினத்தாருக்கும் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. அதேபோல், கடைக்குள் ஊழியர் சந்தேகத்தோடு பின்தொடர்வார் என்று அறிந்த மாணவர், நல்ல சட்டையும் விலை கூடிய காலணியும் அணிந்துதான் உள்ளே நுழைகிறார். நம் அட்டவணையில் அது பகட்டு. அவருக்கோ மரியாதையாக நடத்தப்படுவதற்குக் கொடுக்கும் விலை.

எனவே மாணவர் ஆய்வுகளில் மூன்று கேள்விகள் கட்டாயம் இடம்பெறவேண்டும். குடும்ப வருமானமும் கல்விக்கடனும் எவ்வளவு? வளாகத்தில் யாரோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள்? கடைகளில் எப்படி நடத்தப்படுகிறார்கள்? இனத்தை மட்டும் காரணமாகக் காட்டும் கட்டுரைகளை நம் ஆய்விதழின் அடுத்த இதழிலிருந்து திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம். அளவுகோல் கோணலாக இருக்கும்போது அளக்கப்பட்டவர்மீது பழி சுமத்துவது ஆய்வாகாது.